இயந்திரத்துக்கு 12 மணி. உங்களுக்கு 156 மணி!



இந்த இதழில் ஒரு சிறு கணக்கோடு தொடங்குவோம். ஒரு வாரத்துக்கு மொத்தம் 168 மணி நேரம். சிறுநீரகங்கள் செயலிழந்து, டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பில் இருக்கும் ஒருவர், பெரும்பாலும் வாரத்துக்கு 3 முறை, முறைக்கு 4 மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்கிறார். ஆக 12 மணி நேரம். கழித்துப் பாருங்கள். மிச்சம் 156 மணி நேரம்!

அந்த 12 மணி நேரத்துக்கு டாக்டர் இருக்கிறார், மிஸ்ஸி இருக்கிறார், இலட்சக்கணக்கான மக்களுக்கு உயிர் கொடுத்த இயந்திரமும் இருக்கிறது. மீதி 156 மணி நேரத்துக்கு யார் இருக்கிறார்? நோயாளி ஒருவர்தான் இருக்கிறார். அவர் தம் சிகிச்சையைப் பற்றித் தெரிந்தவராகவும், அதில் பங்கெடுப்பவராகவும் இருந்தால், இயந்திரம் செய்யும் வேலை நிலைக்கும். இல்லையென்றால், அங்கே எடுத்த தண்ணீரும் கழிவும் வீட்டுக்கு வந்த மறுநாளே திரும்ப ஏறிக்கொள்ளும்.

இன்று மலேசியாவில் 50,000க்கும் அதிகமானோர் டயாலிசிஸ் சிகிச்சையில் இருக்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மூல காரணம் இனிப்பு நீர் வியாதி. நம் இனத்தவரிடையே அது எவ்வளவு பரவலானது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? தோட்டமானாலும் பட்டணமானாலும், உறவுக்குள் ஒருவராவது டயாலிசிஸுக்குப் போய்வருகிற குடும்பங்கள் இன்று நிறைய உண்டு. ஆகவே இந்தக் கட்டுரை நோயாளிகளுக்கு மட்டுமன்று. அவர்களைப் பார்த்துக்கொள்கிற மனைவிக்கும், மகனுக்கும், மருமகளுக்கும் சேர்த்துத்தான்.

"மிஸ்ஸிக்குத் தெரியும்!"

சுத்திகரிப்பு நிலையத்தில் படுத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

"ஐயா, இன்னைக்கு உங்க உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணி எடுக்கிறாங்க?"

"அது மிஸ்ஸிக்குத் தெரியும்."

"போன மாசம் இரத்தம் எடுத்துச் சோதிச்சாங்களே, பொட்டாசியம் எவ்வளவு இருந்துச்சு?"

"அது டாக்டருக்குத் தெரியும்."

"என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"அது என் மகளுக்குத் தெரியும்."

எல்லாருக்கும் தெரிகிறது, உடம்புக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் தெரியவில்லை! கையை நீட்டிவிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்கிறார். இது அவருடைய குற்றம் அன்று. படித்தவர்கள் முன்னால் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். அதோடு, "இனிமேல் என்ன இருக்கிறது? இயந்திரம் ஓடுகிறவரை ஓடட்டும்" என்ற சோர்வும் சேர்ந்துகொள்கிறது. அந்தச் சோர்வுக்கு நல்ல மருந்து ஒன்று உண்டு. தம் சிகிச்சையில் ஒரு சிறு வேலையையாவது தாமே செய்வதுதான் அது.

நோயாளிகள் கையால் வளர்ந்த சிகிச்சை

நோயாளி தம் சிகிச்சையில் கைவைப்பது புதுமையான செய்தி அல்ல. இந்தச் சிகிச்சையின் வரலாற்றிலேயே அது இருக்கிறது.

1943இல், உலகப் போரின் நடுவே, நெதர்லாந்து நாட்டின் கம்பென் நகரில் வில்லெம் கொல்ஃப் என்ற டாக்டர், மரச்சட்டங்களால் ஆன உருளையில் மெல்லிய செல்லோஃபேன் குழாயைச் சுற்றி, முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக இரத்தக் குழாயை வெட்டித் திறக்க வேண்டியிருந்ததால், தொடர்ந்து பல மாதங்கள் சிகிச்சை கொடுக்க இயலவில்லை. 1960இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு டெஃப்லான் குழாயைக் கண்டுபிடித்தார். அதை முதலில் பெற்ற கிளைட் ஷீல்ட்ஸ் ஒரு சாதாரண இயந்திரத் தொழிலாளி. சாவின் வாசலில் இருந்த அவர் அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

செய்தி பரவியதும் நோயாளிகள் குவிந்தார்கள். இயந்திரமும் போதவில்லை; மருத்துவமனைப் படுக்கையும் போதவில்லை. அப்போது மருத்துவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நோயாளிக்கும் அவர் துணைவருக்கும் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே செய்துகொள்ளச் சொன்னார்கள். 1960களில் சியாட்டலிலும், பாஸ்டனிலும், லண்டனிலும் வீட்டு டயாலிசிஸ் இப்படித்தான் தொடங்கியது. இன்றுள்ளவை போல் தானாக எச்சரிக்கும் நவீன இயந்திரங்கள் அல்ல அவை. அதையே பயிற்சி பெற்ற நோயாளிகள் நடத்தினார்கள்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2005இல் சுவீடன் நாட்டின் யோன்சோப்பிங் நகரில் உள்ள ரீஹோவ் மருத்துவமனையில், நோயாளி ஒருவர் தாதியைப் பார்த்து, "இதை நானே செய்துகொள்ளலாமா?" என்று கேட்டார். அந்தத் தாதி "கூடாது" என்று சொல்லிவிடவில்லை. ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொண்டவர் அடுத்து வேறொரு நோயாளிக்குச் சொல்லிக்கொடுத்தார். நாளடைவில், நோயாளிகள் தாங்களே இயந்திரத்தைத் தயார் செய்து சிகிச்சை எடுத்துக்கொள்ளும் தனிப் பிரிவே அங்கே உருவாயிற்று. இங்கிலாந்தின் யார்க்‌ஷர் வட்டாரத்திலும் இதே நோக்கத்தோடு ஒரு திட்டம் எழுந்தது. அங்கே டயாலிசிஸ் வேலையை 14 சிறு வேலைகளாகப் பிரித்தார்கள். யாரால் எத்தனை முடியுமோ அத்தனையைச் செய்யலாம். ஒன்று செய்தாலும் பங்குதான். பதினான்கும் செய்தாலும் பங்குதான்.

நம் நிலையங்களில் எல்லாவற்றையும் நோயாளி கையில் கொடுத்துவிட மாட்டார்கள். கொடுக்க வேண்டும் என்று நாம் கேட்கவும் வேண்டியதில்லை. ஆனால் இன்றைக்கே தொடங்கக்கூடிய வேலைகள் பல இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வேலை: தராசு

"உலர் எடை" என்ற சொல்லை நிலையத்தில் கேட்டிருப்பீர்கள். உடம்பில் வேண்டாத நீர் இல்லாதபோது உங்களுக்கு இருக்க வேண்டிய எடை அது. டாக்டர் அதைக் கணித்து வைத்திருப்பார். உங்கள் உலர் எடை எவ்வளவு? இது உங்கள் அடையாள அட்டை எண்ணைப் போல் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. உலர் எடை 60 கிலோ உள்ளவர் 62.4 கிலோவோடு வந்தால், அவர் உடம்பில் 2.4 லிட்டர் கூடுதல் நீர் இருக்கிறது. அதை 4 மணி நேரத்தில் எடுக்க வேண்டுமானால், மணிக்கு 600 மில்லி லிட்டர். உடம்பு பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். அதே ஆள் 64 கிலோவோடு வந்தால்? மணிக்கு 1,000 மில்லி லிட்டர் எடுக்க வேண்டும். அப்போதுதான் இரத்த அழுத்தம் சடாரென்று இறங்குகிறது, கெண்டைக் காலில் நரம்பு இழுக்கிறது, தலை சுற்றுகிறது, வீட்டுக்கு வந்தும் அன்றைய பொழுது முழுவதும் படுக்கைதான். அடிக்கடி இப்படி நேர்ந்தால் இருதயமும் களைத்துப் போகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, மணிக்கு 13 மில்லி லிட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது என்பது மருத்துவர்களின் பொதுவான கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 4 மணி நேரத்தில் அது சுமார் 3 லிட்டர். இருதயம் பலவீனமானவர்களுக்கு இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

ஆகவே முதல் வேலை இதுதான். வந்ததும் நீங்களே தராசில் ஏறுங்கள். அதே மாதிரி உடை, அதே மாதிரி செருப்பில்லாத கால். எண்ணை நீங்களே ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள். உலர் எடையைக் கழியுங்கள். முடிவில் குழாயைக் கழுவ உள்ளே விடும் உப்பு நீரையும், சிகிச்சையின்போது குடிக்கும் பானத்தையும் மிஸ்ஸி சேர்த்துக்கொள்வார். பிறகு, "மிஸ்ஸி, என் கணக்குப்படி இன்னைக்கு இவ்வளவு வருது. சரியா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்கிற நோயாளியை எந்த மிஸ்ஸியும் வெறுப்பதில்லை. இரண்டு பேர் போட்ட கணக்கு ஒத்துப்போனால், தவறு நேரும் வாய்ப்புக் குறைகிறது என்பது அவருக்குத் தெரியும்.

இன்னொன்று. பசியெடுத்து நன்றாகச் சாப்பிட்டு உண்மையிலேயே உடம்பு தேறினாலும், நோய்வாய்ப்பட்டு இளைத்தாலும், உலர் எடை மாறும். மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ, சிகிச்சை முடிந்தும் தலை சுற்றினாலோ, "என் உலர் எடையை மறுபடியும் பார்க்க வேண்டுமா, டாக்டர்?" என்று கேட்கத் தயங்காதீர்கள். உங்கள் உடம்பு சொல்வதை நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

இரண்டாவது வேலை: உங்கள் கை

தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்த ஃபிஸ்டுலாதான் டயாலிசிஸ் நோயாளியின் உயிர்நாடி. 1966இல் நியூயார்க் டாக்டர்கள் இந்த முறையை வெளியிட்டார்கள். இன்றுவரை இதைவிடச் சிறந்த வழி வரவில்லை. இதைக் காக்கும் வேலையை நோயாளியைத் தவிர வேறு எவரும் செய்ய முடியாது.

காலையில் பல் துலக்குவதற்கு முன் மற்றக் கையின் விரல்களை அதன்மேல் வையுங்கள். பூனை உறுமுவதுபோல் ஒரு மெல்லிய அதிர்வு தெரியும். இரவில் படுக்கும்போதும் ஒரு தடவை. அதிர்வு நின்றுபோனாலோ, திடீரென்று குறைந்தாலோ, அடுத்த சிகிச்சை நாள்வரை காத்திருக்க வேண்டாம். உடனே நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். சில மணி நேரத்துக்குள் கவனித்தால் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ, இரத்தம் எடுக்கவோ விடக்கூடாது. வேறு மருத்துவமனையில் அவசரமாகச் சேர்க்கும்போது அங்குள்ளவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். "இந்தக் கை வேண்டாம், மற்றக் கையில் பாருங்கள்" என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். கடிகாரம், இறுக்கமான வளையல், கோயிலில் கட்டும் காப்புக் கயிறு எதுவும் அந்த மணிக்கட்டில் வேண்டாம். காப்பை மற்றக் கையில் கட்டிக்கொண்டால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்! அந்தக் கையைத் தலைக்கு அணையாக வைத்துத் தூங்குவதும், அதில் கனமான பையைத் தொங்கவிடுவதும் கூடாது.

ஊசி குத்துவதற்கு முன் கையைச் சவுக்காரம் போட்டு நீங்களே கழுவுங்கள். போன தடவை எந்த இடத்தில் குத்தினார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, "இன்றைக்குக் கொஞ்சம் மேலே குத்துங்கள்" என்று சொல்லுங்கள். ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றிக் குத்தினால், அந்த இடம் பலவீனமாகிப் பலூன்போல் உப்பிவிடும். ஊசி எடுத்தபின் பஞ்சை நீங்களே இரண்டு விரலால் 10 நிமிடம் அழுத்திப் பிடிக்கலாம். நின்றுவிட்டதா என்று இடையிடையே எடுத்துப் பார்க்கக்கூடாது. அதிர்வே நின்றுபோகிற அளவுக்கு முரட்டுத்தனமாக அழுத்தவும் கூடாது.

வீட்டில் அந்த இடத்திலிருந்து இரத்தம் பீறிட்டால் பதறாதீர்கள். விரலால் பலமாக அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மலேசியாவானால் 999, சிங்கப்பூரானால் 995 எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

கழுத்தில் குழாய் வைத்திருப்பவர்கள் அந்த இடம் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாயைத் திறக்கும்போது நீங்களும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். குளிர் நடுக்கமோ காய்ச்சலோ வந்தால் அது "சாதாரணக் காய்ச்சல்" என்று மாத்திரை விழுங்கிவிட்டுப் படுக்கக்கூடாது. இரத்தத்தில் கிருமி கலந்திருக்கலாம்.

மூன்றாவது வேலை: கடிகாரம்

"மிஸ்ஸி, இன்னைக்கு அரை மணி நேரம் முன்னாடியே எடுத்து விடுங்க. பஸ் போயிடும்" என்று கெஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அரை மணி நேரம்தானே என்று தோன்றும். வருடத்துக்கு 156 சிகிச்சை. ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் குறைத்தால் 78 மணி நேரம் போய்விடுகிறது. அதாவது முழுதாக 19 சிகிச்சைக்கு மேல் எடுக்காமல் விட்டதற்குச் சமம்! இப்படி இலாபம் பார்க்க வேண்டுமா?

வாரத்துக்கு 3 முறை என்னும்போது, ஒரு தடவை மட்டும் இடையில் 2 நாள் முழுதாக வந்துவிடும். திங்கள், புதன், வெள்ளி என்றால் சனியும் ஞாயிறும்; செவ்வாய், வியாழன், சனி என்றால் ஞாயிறும் திங்களும். இந்த நீண்ட இடைவெளியில்தான் நீரும் பொட்டாசியமும் அதிகம் சேர்கின்றன. இருதயத்துக்கு ஆபத்தும் கூடுகிறது. கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாம் பெரும்பாலும் அந்த நாட்களில்தானே வருகின்றன? ஆகவே அந்த 2 நாள் வாய்க்குக் கொஞ்சம் கூடுதலாகவே காவல் போட வேண்டும். தீபாவளி சிகிச்சை நாளில் வந்தால், 2 வாரத்துக்கு முன்பே மிஸ்ஸியிடம் பேசி நாளை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிக்கொள்வது வேறு, போகாமல் இருந்துவிடுவது வேறு.

வெள்ளமும் அப்படித்தான். 2014 டிசம்பரில் கிளந்தானிலும், 2021 டிசம்பரில் கிள்ளான், ஷா ஆலாம் வட்டாரத்திலும் வெள்ளம் என்ன பாடுபடுத்தியது என்பதை நாம் மறக்கவில்லை. மழைக்காலம் தொடங்குமுன், "பாதை அடைபட்டால் நான் எங்கே போவது?" என்று நிலையத்தில் கேட்டு வையுங்கள். உலர் எடை, இரத்த வகை, மஞ்சள் காமாலைக் கிருமிச் சோதனை முடிவு, மருந்துகளின் பெயர் எல்லாம் எழுதிய ஒரு அட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய இடத்தில் வையுங்கள்.

நான்காவது வேலை: அடுக்களை

"தண்ணீர் குடிக்காதே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் தாகம் எடுக்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை! தாகத்துக்குத் தாய் உப்பு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், பிளாச்சான், கிச்சாப், பாக்கெட் மீ ஆகியவற்றை உள்ளே தள்ளிவிட்டுத் தண்ணீரைக் கட்டுப்படுத்த முனைவது, அடுப்பை எரியவிட்டுக்கொண்டே பால் பொங்கக்கூடாது என்று சொல்வது போலத்தான். உப்பைக் குறையுங்கள், தாகம் தானே குறையும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குச் சர்க்கரை ஏறினாலும் தாகம் எடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பொதுவாக முதல் நாள் கழித்த சிறுநீரின் அளவோடு 500 மில்லி லிட்டர் சேர்த்து, அன்றைக்குக் குடிக்கலாம் என்பார்கள். உங்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் அந்த அளவுத் தண்ணீரை ஒரு போத்தலில் ஊற்றி வையுங்கள். கோப்பி குடித்தால் அந்த அளவைப் போத்தலிலிருந்து கொட்டிவிடுங்கள். ரசம், மோர், சூப்பு, கஞ்சி, ஐஸ்கட்டி எல்லாம் தண்ணீர்க் கணக்குத்தான். போத்தல் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது.

பொட்டாசியம் கண்ணுக்குத் தெரியாத எதிரி. அளவு மீறினால் முன்னறிவிப்பில்லாமலே இருதயத்தை நிறுத்தக்கூடியது. இளநீர், வாழைப்பழம், டுரியான், உலர்ந்த பழங்கள் ஆகியவற்றில் அது அதிகம். காய்கறியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் ஓரளவு குறையும். "உடம்புக்கு நல்லது" என்று கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்புகள் பலவற்றில் சேர்ப்பது பொட்டாசியத்தைத்தான். சிறுநீரக நோயாளிக்கு அது நல்லதன்று.

இவை எல்லாவற்றையும்விட ஒன்றை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். மலாய்க்காரர்கள் பிளிம்பிங் என்று சொல்லும் நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரக நோயாளி ஒரு துண்டுகூடச் சாப்பிடக்கூடாது; அதன் சாற்றையும் குடிக்கக்கூடாது. அதிலுள்ள நச்சுப்பொருளை நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பழுதுபட்ட சிறுநீரகத்தால் முடியாது. நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு, மரணம் வரை போயிருக்கிறது. கொல்லையில் காய்த்துத் தொங்குகிற பழம்தானே என்று நினைக்க வேண்டாம்.

பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தக் கொடுக்கும் சுண்ணச்சத்து மாத்திரையைப் பலர் வெறும் வயிற்றில் விழுங்குகிறார்கள். அது சோற்றோடு சேர்ந்தால்தான் சோற்றிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும். சாப்பிடும்போது, முதல் கவளத்தோடு அதையும் எடுங்கள். சாப்பாடு இல்லையென்றால் அந்த மாத்திரையும் வேண்டாம். வெளியில் விருந்துக்குப் போகும்போது சட்டைப் பையில் கொண்டு போங்கள்.

ஐந்தாவது வேலை: கேள்வி

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. நான்கு எண்கள் போதும்: இரத்தச் சத்தைக் காட்டும் ஹீமோகுளோபின், பொட்டாசியம், பாஸ்பரஸ், யூரியா எவ்வளவு குறைந்தது என்பது. கடைசியானதை நீங்களே கணக்கிடலாம். சிகிச்சைக்கு முன் யூரியா 20, பின் 7 என்றால், 13 குறைந்திருக்கிறது. 20க்கு 13 என்பது 65 விழுக்காடு. வாரத்துக்கு 3 முறை செய்பவருக்குக் குறைந்தது 65 விழுக்காடாவது இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால், "ஏன், டாக்டர்?" என்று கேளுங்கள். நேரம் குறைந்ததா, ஊசி சரியாக அமையவில்லையா, ஃபிஸ்டுலா அடைபட ஆரம்பிக்கிறதா என்று அவர் பார்ப்பார்.

வடிகட்டியைக் கழுவி மீண்டும் பயன்படுத்தும் நிலையமானால், அதில் எழுதியிருப்பது உங்கள் பெயர்தானா என்று ஒவ்வொரு முறையும் படித்துப் பாருங்கள். செலவு பற்றியும் வாய் திறந்து கேளுங்கள். வேலை செய்த காலத்தில் சொக்சோ சந்தா கட்டியவர்களில் தகுதியுள்ளோர்க்கு டயாலிசிஸ் உதவி உண்டு. மருத்துவமனையின் சமூகநல அதிகாரியிடம் கேட்டால் வழி சொல்வார்.

நிலையத்துக்கு வாரம் 3 முறை போய்வருவது சிரமமாக உள்ளவர்கள், வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளும் முறை தமக்குப் பொருந்துமா என்றும் கேட்கலாம். 1976இல் அமெரிக்காவில் உருவான முறை அது. நாளுக்குச் சுமார் 4 முறை, சுத்தமான கையோடு திரவப் பையை மாற்ற வேண்டும். இங்கே நோயாளியே டாக்டர், நோயாளியே மிஸ்ஸி! கிருமி புகாமல் சுத்தம் காப்பதுதான் முக்கியம்.

எல்லை எது?

பங்கெடுப்பது என்றால் விளையாட்டன்று. பயிற்சி தராமல் இயந்திரத்தின் பொத்தானைத் தொடக்கூடாது. மணி அடித்தால் மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள். இரத்த அழுத்த மாத்திரையைத் தானாக நிறுத்துவதும், யாரோ சொன்னார்கள் என்று வேர்க் கஷாயம் குடிப்பதும், மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்குவதும் பங்கெடுப்பில் சேராது. தாமே ஊசி குத்திக்கொள்கிறவர்கள் பிற நாடுகளில் இருக்கிறார்கள். அது ஏணியின் கடைசிப்படி. நாம் முதல் படியிலிருந்து ஏறுவோம். இந்த மாதம் எடை. அடுத்த மாதம் இரத்த அழுத்தத்தைத் தாமே பார்த்து எழுதுவது. அதற்கடுத்த மாதம் தண்ணீர்க் கணக்கு. மாதம் ஒன்றாகச் சேர்ந்தால் வருடத்தில் எவ்வளவு!

"எனக்குக் கண் தெரியவில்லையே" என்று இனிப்பு நீரால் பார்வை மங்கியவர்கள் கேட்கலாம். ஃபிஸ்டுலாவின் அதிர்வைப் பார்க்கக் கண் வேண்டாம், விரல் போதும். பஞ்சை அழுத்திப் பிடிக்கக் கண் வேண்டாம். எடையை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் காதால் கேட்டு, கணக்கை மனத்தில் போடலாம். படிக்காதவர்களும் அப்படித்தான். வெட்டுமரத்துக் கணக்கையும் பால் எடையையும் மனத்திலேயே வைத்திருந்த பரம்பரை அல்லவா நாம்?

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

அன்பு காரணமாக எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடாதீர்கள். மாத்திரையை உரித்து வாயில் போடுவது, டாக்டர் கேட்கும் கேள்விக்கெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொல்வது, இரத்த முடிவை மறைத்து வைப்பது போன்றவை எல்லாம் பாசம்போலத் தோன்றும். ஆனால் அவை அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையாக்கிவிடும். அதேபோல் போலீஸ்காரராகவும் மாறிவிடாதீர்கள். "என்னங்க, மறுபடியும் தண்ணி குடிச்சீங்களா?" என்று நாள் முழுவதும் விரட்டினால், அவர் மறைந்து நின்று குடிப்பார். தராசு மட்டும் பொய் சொல்லாது. எண் கூடியிருந்தால் திட்டாமல், "நேத்து என்ன சாப்பாட்டில் உப்பு கூடிப்போச்சு?" என்று சேர்ந்து யோசியுங்கள். பல வேளைகளில் குற்றவாளி அவர் நாக்கு மட்டுமன்று, நம் வீட்டுக் குழம்பும்தான்!

எல்லாம் சரியாகச் செய்தும் சில மாதங்கள் எண்கள் மோசமாக வரலாம். அதற்காக அவரைக் குறை சொல்லக்கூடாது. அவரும் தம்மைக் குறை சொல்லிக்கொள்ளக்கூடாது. நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், "நான் இதையெல்லாம் செய்தேன். இப்போது என்ன செய்யலாம்?" என்று கேட்கும் உரிமை, எழுதி வைத்திருப்பவருக்குத்தான் உண்டு.

தன் கையே தனக்கு உதவி என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். ஊசி ஏறுகிற அந்தக் கைக்கும் இது பொருந்தும். அடுத்த முறை நிலையத்துக்குப் போகும்போது, 40 பக்க நோட்டு ஒன்றும் பேனா ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயர், அதன்கீழ் உலர் எடை, அதன்கீழ் அன்றைய எடை. அன்றைக்கு அது போதும். மீதியை அடுத்தடுத்த நாட்கள் எழுதிக்கொள்ளும்.

அடுத்த இதழில் வேறொரு நலச் செய்தியோடு சந்திப்போம். நலமே சூழ்க!